கேள்விப் பெட்டியும் குறுக்கீட்டு எண்ணும்



"சார், அடுத்தது தாண்டிக்குடி கல்திட்டைகளைப் பத்தி எழுதுங்க" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். இத்தனை நூற்றாண்டு காத்திருந்த கற்கள் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். இன்று எழுதப்போவது கணினிக்குள் நடந்த ஒரு வரலாறு. பயப்பட வேண்டாம். கணக்கு வாத்தியாருக்குப் புரிந்த அளவுக்குத்தான் எழுதுகிறேன். அதில் நம் தேனியும் வருகிறது, நம் பள்ளிக்கூடமும் வருகிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்திருந்தான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான், அதனால் போடவில்லை. அவனோடு படித்தவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். பெங்களூரில் வேலை. கணினியில் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை இயக்கும் மென்பொருளை, அவர்கள் மொழியில் டிரைவரை, எழுதுகிற வேலை.

திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். பால்காரர் வந்தார், எழுந்தேன். போன் அடித்தது, எழுந்தேன். பேரன் பேத்தி இருவருக்கும் சண்டை, எழுந்தேன். விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பையன் வந்தான், எழுந்தேன். அரை மணி நேரத்தில் அவனிடம் நான் முழுதாகச் சொன்னது இரண்டு வாக்கியம் இருக்காது. காபி ஆறிப்போய்விட்டது.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், நீங்க லைவ்லாக் ஆயிட்டீங்க."

"அப்படின்னா என்னப்பா?"

"வேலைக்கு வர்ற அழைப்புக்கெல்லாம் ஓடி ஓடி, வேலையே நடக்காமப் போறது சார். கம்ப்யூட்டருக்கும் இது வரும். சரி பண்றதுதான் என் வேலை. உங்க கேள்விப் பெட்டி ஞாபகம் இருக்கா? அதையேதான் சார் நாங்க டிரைவர்ல வைக்கிறோம்."

கேள்விப் பெட்டி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அவன் போன பிறகு தேடிப் படித்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணினிக்கு வெளியிலிருந்து செய்தி வருகிறது என்றால், அதை அது இரண்டு வழியில் தெரிந்துகொள்ளலாம். ஒன்று, அதுவே அடிக்கடி போய்ப் பார்ப்பது. வத்தலக்குண்டு பஸ்ஸில் பேப்பர் வந்துவிட்டதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கடைத்தெருவுக்கு நடந்து பார்த்துவிட்டு வருவோமே, அது மாதிரி. வராத நேரத்தில் போன நடை எல்லாம் வீண். இன்னொன்று, பஸ் வளைவில் திரும்பும்போது ஹாரன் அடிக்கும், அதைக் கேட்டு எழுந்து போவது. இந்த ஹாரனுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். தமிழில் குறுக்கீடு என்று சொல்லலாம். செய்துகொண்டிருக்கும் வேலையைக் கணினி அப்படியே நிறுத்தி, எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்து வைத்துவிட்டு, வந்த விஷயத்தைக் கவனித்து, மறுபடி விட்ட இடத்திற்கே திரும்ப வேண்டும்.

இதன் பிறப்பு 1950களில். 1951இல் வந்த யூனிவாக் ஒன்று என்ற அமெரிக்கக் கணினியில், ஒரு கூட்டலின் விடை இடம் கொள்ளாமல் வழிந்துவிட்டால் இயந்திரம் தானாகவே வேறு கட்டளைக்குத் தாவும். இது உள்ளிருந்து வரும் குறுக்கீடு. வெளியிலிருந்து வருவதைக் கவனிக்கும் குறுக்கீடு 1954இல் டைசியாக் என்ற இயந்திரத்தில் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்காகச் செய்தது, லாரி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம். அடுத்து, விமான ஆராய்ச்சிக்காரர்கள் காற்றுச் சுரங்கத்தில் சோதனை நடத்தும்போது வந்து விழும் அளவீடுகள் காத்திருக்காது என்பதால் தங்கள் யூனிவாக் 1103இல் இந்த வசதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஹாலந்துக்காரர் டைக்ஸ்ட்ராவின் கதை. கணினி அறிவியல் படித்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும், இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறை அவர் பெயரில் இருக்கிறது. 1957 வாக்கில் எலெக்ட்ரோலாஜிக்கா எக்ஸ் 1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, வன்பொருள் பார்த்த நண்பர்கள் இருவர் "இதில் இன்டரப்ட் வைக்கலாம்" என்று சொன்னார்களாம். அவர் மிரண்டுபோனார். பின்னாளில் அவரே அதை எழுதியிருக்கிறார். காரணம் நியாயமானது. அதுவரை ஒரு நிரலை எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே மாதிரி ஓடும். தப்பு வந்தால் அதே இடத்தில் மறுபடியும் வரும், பிடித்துவிடலாம். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் எந்த நொடியிலும் கதவைத் தட்டலாம் என்றால், தப்பு எந்த நொடியில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்ச காலம் தள்ளிப் போட்டுப் பார்த்தார். முடியவில்லை. பிறகு உட்கார்ந்து அதைச் சரியாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்து, 1959இல் அதையே தன் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். பயந்தவர்தான் கவனமாகச் செய்வார் என்பது என் வகுப்பறை அனுபவமும்கூட.

அந்தக் காலத்தில் தட்டியவர்கள் யார்? தட்டச்சுப் பொறி, துளை நாடா, அட்டை படிக்கும் கருவி. வினாடிக்குச் சில தட்டல்கள். கணினி எழுந்து எழுந்து பதில் சொன்னாலும் பெரிய நஷ்டமில்லை. நம் ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு போன் இருந்த காலம் மாதிரி. போன் அடித்தால் ஓடுவோம், அது ஒரு சந்தோஷம். இன்று அப்படியா?

நெட்வொர்க் வந்தது. கணக்கு மாறியது. இங்கே நான் கணக்கு வாத்தியாராகிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈதர்நெட் என்ற கம்பி வழியில் செய்தியைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி அனுப்புவார்கள். மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். முன்னால் அடையாளத்துக்கும் பின்னால் இடைவெளிக்கும் 20 பைட் சேர்த்து 84. ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 672 பிட். பழைய கம்பியின் வேகம் வினாடிக்கு 1 கோடி பிட். 1 கோடியை 672ஆல் வகுத்தால் சுமார் 14,880. அதாவது வினாடிக்கு 14,880 பாக்கெட் வரலாம். இன்று நம் வீட்டு மேசைக் கணினியில்கூட இருக்கும் ஜிகாபிட் கார்டில் அதைப் போல 100 மடங்கு, 14,88,000. ஒவ்வொரு பாக்கெட்டும் கதவைத் தட்டுகிறது, ஒவ்வொரு தடவை எழுந்து போய் வர 5 மைக்ரோ வினாடி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 74,40,000 மைக்ரோ வினாடி. ஒரு வினாடிக்குள் ஏழரை வினாடி வேலை! ஏழரை என்று விடை வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. சனி சும்மா விடுவாரா?

இந்தச் சிக்கலை அளந்து, பெயர் வைத்து, தீர்வோடு வெளியிட்டவர்கள் இருவர். ஜெஃப்ரி மொகல் ஒருவர். இன்னொருவர் கே.கே. ராமகிருஷ்ணன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1978இல் பட்டம் வாங்கிவிட்டு அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடித்தவர். இருவரும் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1996இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் கட்டுரை படித்தார்கள். பெயர் வைத்தது ரிசீவ் லைவ்லாக் என்று. டெட்லாக் என்றால் இரண்டு லாரி மலைப்பாதையில் எதிர் எதிரே நின்று இரண்டும் நகராமல் கிடப்பது, நமக்குப் பழக்கம்தான். லைவ்லாக் அப்படியல்ல. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நகராது.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. ஒரு கணினியைத் தபால் பிரிக்கும் ஆபீஸ் மாதிரி நடுவில் வைத்தார்கள். ஒரு பக்கம் வரும் பாக்கெட்டை மறுபக்கம் அனுப்ப வேண்டும், நடுவில் ஒரு காவல் நிரல் ஒவ்வொன்றையும் சோதிக்கும். பாக்கெட்டின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வினாடிக்குச் சுமார் 2,000 வரை ஒழுங்காகப் போனது. அதற்கு மேல் கூட்டக் கூட, போய்ச் சேர்ந்த எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. 6,000ஐ நெருங்கியபோது போய்ச் சேர்ந்தது பூஜ்யம். இயந்திரம் ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. வாங்கி வாங்கி வைத்தது, வாங்கி வைத்ததைப் பிரிக்க நேரமில்லை, வைக்க இடமில்லாமல் வாங்கியதையே கீழே எறிந்தது.

வரைபடத்தில் அந்தக் கோடு மேலே ஏறி, ஒரு உச்சிக்குப் போய், பிறகு தரையைத் தொடுகிறது. அதைப் பார்த்தபோது மார்ச் மாதக் கடைசி ஞாபகம் வந்தது. பள்ளி ஆபீஸில் மேலிடத்திலிருந்து புள்ளிவிவரம் கேட்டு வரும் தாள்களுக்குப் பதில் எழுதியே பாடம் நடத்தாமல் விட்ட நாட்கள். சக ஆசிரியர்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

தீர்வு என்ன சொன்னார்கள்? முதல் தட்டலுக்கு எழுந்திரு. எழுந்தவுடன் காலிங் பெல்லை அணைத்துவிடு. வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்களோ, ஒரு அளவு வரைக்கும் வரிசையாகக் கவனி. வாசல் காலியானதும் பெல்லைத் திரும்பப் போடு. கூட்டம் தாங்கவில்லையென்றால் வாசலுக்கு வெளியிலேயே திரும்பிப் போகட்டும், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு விரட்டாதே. பெல்லும் வேண்டும், போய்ப் பார்ப்பதும் வேண்டும். எது எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ராமகிருஷ்ணன் பற்றி இன்னும் ஒரு வரி. இணையத்தில் நெரிசல் வரும்போது பாக்கெட்டைத் தூக்கி எறிவதற்குப் பதில், அதன்மேல் ஒரு அடையாளம் குத்தி "முன்னால் கூட்டம், மெதுவாக வா" என்று அனுப்பியவருக்குச் சொல்லும் முறை 2001இல் இணையத்தின் விதிகளில் சேர்ந்தது. அதை எழுதிய மூவரில் இவர் முதல் பெயர். காட் ரோட்டில் மேலேயிருந்து இறங்கும் டிரைவர், ஏறுகிற வண்டிக்காரருக்குக் கையை ஆட்டி "மேலே பிளாக்" என்று சைகை காட்டுவாரே, அதேதான்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு இந்த யோசனை வந்து சேர ஐந்து வருடம் ஆனது. ஜமால் ஹாதி சலீம், சுவீடன் உப்சாலாவைச் சேர்ந்த ராபர்ட் ஓல்சன், ரஷ்யாவின் அலெக்சி குஸ்னெட்சோவ் ஆகிய மூவர் 2001 நவம்பரில் அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரத்தில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் இதைக் கட்டுரையாகக் கொடுத்தார்கள். அவர்கள் முறைக்கு நாப்பி என்று பெயர். இன்றும் உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகளில், நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் உட்பட, அதன் வழிதான். ஒரு சுற்றில் ஒரு கார்டுக்கு 64 பாக்கெட் என்பது பழக்கமான பங்கு. பந்தியில் ஒரு இலைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் அடுத்த இலைக்கு நகர்கிற மாதிரி.

கார்டு செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. கார்டுக்குள்ளேயே ஒரு கடிகாரம் வைத்து, "இவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவைதான் தட்டுவேன்" என்று ஏற்பாடு செய்தார்கள். இன்டெல் கம்பெனியின் பிரபலமான ஜிகாபிட் கார்டுகளின் டிரைவரில் இன்டரப்ட் திராட்டில் ரேட் என்று ஒரு எண் உண்டு. ஒரு காலத்தில் அது வினாடிக்கு 8,000 என்று வைக்கப்பட்டிருந்தது. 125 மைக்ரோ வினாடிக்கு ஒரு தட்டல். பெரிய பாக்கெட்டாக வந்தால் ஜிகாபிட் கம்பியில் வினாடிக்குச் சுமார் 81,000 வரும். அப்படியென்றால் ஒரு தட்டலுக்கு 10 பாக்கெட் கையில் கிடைக்கும். பத்து தடவை எழுந்த இடத்தில் ஒரு தடவை எழுந்தால் போதும். கணக்கு அழகாக இருக்கிறதல்லவா?

"அழகாத்தான் சார் இருக்கு, ஆனா எல்லாருக்கும் இல்ல" என்றான் என் மாணவன். ஒரு பெரிய படத்தை இறக்குகிறவனுக்கு 125 மைக்ரோ வினாடி தெரியவே தெரியாது. ஆனால் சிலர் சின்னச் சின்னச் செய்தியாக அனுப்பி, ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவார்கள். இரண்டு கணினிகள் தங்களுக்குள் ஒரு கேள்வி, ஒரு பதில், அதை வைத்து அடுத்த கேள்வி என்று ஆயிரக்கணக்கில் பேசிக்கொள்ளும்போது, ஒவ்வொரு கேள்வியும் வாசலில் காத்திருந்தால் எல்லாம் சேர்ந்து பெரிய தாமதம் ஆகிவிடும். அங்கே கார்டு சும்மாதான் இருக்கிறது, கம்பியில் கூட்டமே இல்லை, ஆனாலும் "நேரம் ஆகட்டும், அப்புறம் தட்டுகிறேன்" என்று கார்டு உட்கார்ந்திருக்கிறது.

இதற்குத் தபாலாபீஸ்தான் சரியான உதாரணம். கடிதம் ஒவ்வொன்றாக மலையேறாது. பையில் சேர்ந்து பஸ்ஸில் வரும், ஒரே நடையில் பட்டுவாடா. ஆனால் தந்தி வந்தால் உடனே கொண்டுவந்து கொடுப்பார்கள். மழையாக இருந்தாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. இரண்டே வரி இருக்கும், ஆனால் வீடே எழுந்து நிற்கும். பைக்கு ஒரு சட்டம், தந்திக்கு ஒரு சட்டம்.

டிரைவர் எழுதியவர்களும் பிறகு அங்கேதான் வந்தார்கள். 8,000 என்று ஒரே எண்ணை ஆணி அடித்து வைக்காமல், வருவதைப் பார்த்து எண்ணை மாற்றும்படி செய்தார்கள். மொத்தமாக வந்தால் வினாடிக்கு 4,000 தட்டல் போதும். சின்னச் சின்னதாக, அவசரமாக வந்தால் படிப்படியாக 20,000 வரைக்கும் ஏறும், இன்னொரு முறையில் வைத்தால் 70,000 வரைக்கும். பூஜ்யம் என்று வைத்தால் கட்டுப்பாடே இல்லை, தட்டுகிற ஒவ்வொருவருக்கும் கதவு திறக்கும். என் மாணவன் தன் லேப்டாப்பில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். எந்தக் கருவி எத்தனை தடவை தட்டியிருக்கிறது என்று லினக்ஸ் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் ஏறின. நான் விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டினேன், அதற்கென்று இருந்த வரிசையிலும் எண் ஏறியது. எனக்கு என்னமோ சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

இனி தேனிக் கதை. கோடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் வெயில் நாளில் நின்றால் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரியுமே, அங்கே நடந்தது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் ஒரு கிளை திறந்தது. கிராமத்து வயதானவர்கள் கண் மங்கினாலும் மருத்துவமனைக்கு வருவதில்லை. பஸ் செலவு, கூட வருகிறவர்களின் கூலி நஷ்டம். அதனால் ஊர் ஊராகச் சின்ன மையம் வைத்து, அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணைப் பார்த்து, கணினித் திரை வழியாகத் தேனியில் இருக்கும் டாக்டரோடு நோயாளியைப் பேச வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நல்ல யோசனை. ஆனால் 2004, 2005இல் அந்தக் கிராமங்களுக்கு முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு வேகமான இணையம் ஏது?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் பிரூவரும் மாணவர்களும் வந்தார்கள். நம் வீட்டில் வைத்திருக்கும் வைஃபை, அதே சாதாரண கார்டு, அதைத் திசை பார்த்த ஆன்டெனாவோடு கோபுரத்தில் கட்டி ஊர் விட்டு ஊர் இணைத்தார்கள். அம்பாசமுத்திரம், போடி என்று ஆரம்பித்து ஐந்து மையங்கள். அம்பாசமுத்திரம் என்றதும் திருநெல்வேலிக்குப் போய்விடாதீர்கள், இது தேனிக்குப் பக்கத்து ஊர். மிக நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர் அளவு. கோபுரத்தில் கட்டிய பெட்டிக்குள் இருந்தது 266 மெகாஹெர்ட்ஸ் கணினிப் பலகை, சராசரியாக 7 வாட் மின்சாரம் தின்னும். ஒரு குண்டு பல்புக்குக்கூட அதைவிட அதிகம் வேண்டும்.

கார்டு சாதாரணம், டிரைவர்தான் சிக்கல். வைஃபை வீட்டுக்குள் பேசுவதற்காகச் செய்தது. ஒரு பாக்கெட் அனுப்பினால் "கிடைத்தது" என்று உடனே பதில் வர வேண்டும். வந்தால்தான் அடுத்தது. வராவிட்டால் அதையே திரும்ப அனுப்பும். வீட்டுக்குள் இது சரி. 15 கிலோமீட்டர் என்றால் அலை போய்வரவே 100 மைக்ரோ வினாடி, 100 கிலோமீட்டர் என்றால் 660க்கும் மேல். அவ்வளவு நேரமும் வழி சும்மா கிடக்கும். போதாக்குறைக்கு, ஒரே கோபுரத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்று பேசும்போது இன்னொன்றுக்குக் காது கேட்காது. "கிடைத்தது" என்ற பதிலே தொலைந்து, வந்து சேர்ந்ததையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

அவர்கள் டிரைவருக்குள் கையை வைத்தார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் என்பதை அணைத்துவிட்டார்கள். இத்தனை நேரம் நீ பேசு, இத்தனை நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். ஒரு முறையில் வந்த மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பதில்: இதெல்லாம் வந்தது, இந்த இரண்டு வரவில்லை. இதற்கு வைல்ட்நெட் என்று பெயர் வைத்து 2007இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வழக்கமான வைஃபை அதே தூரத்தில் தருவதைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை வேகம் கிடைத்தது என்று அதில் இருக்கிறது. எழுதியவர்களில் லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் என்ற சென்னை ஐ.ஐ.டி. மாணவரும் ஒருவர். அதே 2007இல் வெனிசுவேலாவின் மலைகளில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு நடத்திக் காட்டியபோது பெர்க்லிக்காரர்களின் இந்த மென்பொருளையும் பயன்படுத்தினார்கள்.

தட்டலைக் குறைப்பதும் பதிலைச் சேர்த்துச் சொல்வதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஒன்று கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் நடப்பது, மற்றது இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் நடப்பது. ஆனால் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் எழுந்திருக்க வேண்டுமா, சேர்த்து எழுந்திருக்கலாமா? அதிலும் அந்தப் பாக்கெட்டுகளில் போனது ஒரு பாட்டியின் முகமும் குரலும். முறை நீளமானால் வேகம் கூடும், பேச்சு பிந்தும். பேச்சில் ஒரு வழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் நன்று என்று தொலைபேசித் துறையின் உலக அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்று தடுமாறுவார்கள்.

இப்போது கேள்விப் பெட்டி.

என் வகுப்பில் 60 பிள்ளைகளுக்குக் குறையாது. பாடத்தின் நடுவில் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம் என்று ஆரம்ப வருடங்களில் வைத்திருந்தேன். பாடம் முடியவே முடியாது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டேன் என்று மறந்திருக்கும். 1992இல் ஒரு காலி சாக்பீஸ் பெட்டியின் மூடியில் துளை போட்டு மேசையில் வைத்தேன். கேள்வியைத் தாளில் எழுதிப் போடுங்கள், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எல்லாவற்றுக்கும் பதில். அந்த வருடம் பாடத்தை ஜனவரியிலேயே முடித்தேன். தேர்ச்சி விகிதம் ஏறியது. தலைமை ஆசிரியர் பாராட்டினார். நானும் பத்து இடத்தில் பெருமையாகச் சொன்னேன். பெங்களூர்ப் பையன் ஞாபகம் வைத்திருந்தது அந்தப் பெருமையைத்தான்.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எஸ்டேட்டில் காபிப் பழம் எடுக்க வந்த குடும்பம், லயன் வீட்டிலிருந்து நடந்து வருவாள். ஒரு திங்கட்கிழமை வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். "பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அவள் கை தூக்கினாள். அதுவரை ஒரு நாளும் கை தூக்காத பிள்ளை. நான் பாடத்தை நிறுத்தாமல் விரலால் பெட்டியைக் காட்டினேன். கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். அவள் தாள் இருந்தது: "ஏன் சார் கூடாது?" அவ்வளவுதான். தலை நிமிர்ந்து பார்த்தேன், பெஞ்சில் அவள் இல்லை. "அவங்க புதன்கிழமையே கீழ இறங்கிட்டாங்க சார்" என்றார்கள் பிள்ளைகள். பழம் எடுப்பு முடிந்துவிட்டது, குடும்பம் வேறு வேலை தேடிச் சமவெளிக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியிலிருந்து சான்றிதழ் கேட்டும் யாரும் வரவில்லை. வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் கேட்டு வந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வரை எல்லோராலும் காத்திருக்க முடியும் என்று நான் எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. பெட்டியை நான் எடுத்துவிடவில்லை. ஆனால் அதன்பின் ஓய்வு பெறும் வரைக்கும், அதிகம் கை தூக்காத பிள்ளை தூக்கினால் வாக்கியத்தின் பாதியிலும் நிறுத்தியிருக்கிறேன்.

இதைப் பெங்களூர்ப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "சார், 1978ல இன்டெல் 8086னு ஒரு சிப் வந்துச்சு. இன்னைக்கு இருக்கிற பெரும்பாலான லேப்டாப்புக்கு அதுதான் பாட்டன். அதுல ஒவ்வொரு இன்டரப்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, 0லேருந்து 255 வரைக்கும். 0 எதுக்குத் தெரியுமா? பூஜ்யத்தால வகுத்தா வர்றதுக்கு. இன்னைக்கும் அதுதான் சார் நம்பர் 0. அதைத் திராட்டில் பண்ண முடியாது, தள்ளிப் போட முடியாது. அந்த இடத்திலேயே நின்னு கவனிச்சுட்டுத்தான் நகரணும்."

அவன் போன பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அவளுக்கு இப்போது 45 வயது இருக்கும். யாராவது பகிர்ந்து இந்தப் பதிவு அவள் கண்ணில் படலாம். அதனால் எழுதி வைக்கிறேன்.

வகுப்பது என்றால் திரும்பத் திரும்பக் கழிப்பதுதான், தாயி. கூடையில் 12 ஆரஞ்சு இருக்கிறது. தடவைக்கு 3 எடுத்தால் 4 தடவையில் கூடை காலி. அதனால் 12ஐ 3ஆல் வகுத்தால் 4. தடவைக்கு 0 எடுத்தால்? எடுத்துக்கொண்டே இருக்கலாம், கூடை அப்படியே இருக்கும். மின்சாரத்தில் ஓடிய பழைய கணக்கு இயந்திரங்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், யாராவது நிறுத்துகிற வரைக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். எத்தனையாவது தடவையில் கூடை காலியாகும் என்று சொல்ல ஒரு எண் இல்லை. அதனால்தான் கூடாது என்றேன்.